டெஹானு (நாவல்)

டெஹானு (1990) அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் எழுதிய மிகுபுனைவு நாவல். எர்த்ஸீ என்னும் கற்பனைத் தீவுலகில் நிகழும் நூல்வரிசையில் நான்காவது. முந்தைய மூன்று நாவல்களில் மந்திரவாதிகள், அரசர்கள், டிராகன்கள் ஆகியோரின் பெருஞ்செயல்கள் சொல்லப்பட்டன. இந்நாவலில் ஒரு விவசாயியின் விதவை, நெருப்பில் தள்ளப்பட்டு உயிர்பிழைத்த ஒரு சிறுமி, மந்திர ஆற்றலை முற்றாக இழந்து ஆடு மேய்க்கச் செல்லும் ஒரு மனிதர் ஆகிய மூவரின் ஏறத்தாழ ஓராண்டு வாழ்க்கை சொல்லப்படுகிறது. கற்பனை உலகில் வாழும் சாமானியர்களைப் பற்றிய மிகுபுனைவுகளில் இது முதன்மையான ஒன்று.

சாமானியர்களின் மிகுபுனைவு

ஃபேன்டசி என்று பொதுவாக அறியப்படும் நவீன மிகுபுனைவில் கதையின் பணயம் பெரும்பாலும் உலகம் முழுவதுமே. இருள் அரசன் வென்றால் எல்லாம் அழியும், தோற்றால் எல்லாம் பிழைக்கும். இதற்கு மாறாக, ஒரு பண்ணையோ ஒரு தெருவோ ஒரு காவல் நிலையமோ பிழைக்குமா என்பதை மட்டும் பேசும் கதைகளும் தொடக்கம் முதலே இருந்துவந்துள்ளன. ஆங்கில விமர்சனத்தில் இவற்றுக்கு ‘லோ ஃபேன்டசி’ என்ற பெயர் சிலசமயம் பயன்படுத்தப்படுகிறது. ஆனால் நாம் வாழும் உலகிலேயே மாயம் நுழையும் கதைகளையும் அதே சொல்லால் குறிப்பவர்கள் உண்டு என்பதால் அது குழப்பம் தரும் பெயர். இங்கே பேசப்படுவது முதல் வகை. உலகம் முழுக்கக் கற்பனையானது, மனிதர்கள் நமக்குத் தெரிந்தவர்கள்.

டோல்கீனின் தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் (1954-55) பேரளவுக் கதையின் முன்மாதிரி. ஆனால் அதன் இறுதிக் காட்சி ஒரு தோட்டக்காரனுடையது. போர் முடிந்து, அரசன் முடிசூடி, மோதிரம் அழிந்தபின் சாம் தன் வீட்டுக்குத் திரும்பி மனைவி குழந்தையுடன் அமர்வதில் நாவல் முடிகிறது. முதல் உலகப்போரில் தான் உடனிருந்து கண்ட சாதாரணச் சிப்பாய்களையும் அதிகாரிகளின் ஏவலர்களையும் கொண்டே சாமை உருவாக்கியதாக டோல்கீன் சொல்லியிருக்கிறார். ஃப்ரிட்ஸ் லைபர் 1939 முதல் எழுதிய கதைகளில் லாங்க்மார் என்னும் நகரத்தின் இரண்டு திருடர்கள் நாயகர்கள். அவர்களுக்கு உலகைக் காக்கும் எண்ணமெல்லாம் இல்லை. கையில் காசு தீர்ந்துபோவதுதான் அவர்களின் பெரும்பாலான கதைகளின் தொடக்கம். கிளென் குக்கின் தி பிளாக் கம்பெனி (1984) கூலிப்படை ஒன்றின் மருத்துவன் எழுதிவைக்கும் நாட்குறிப்பு போன்றது. பேரரசியின் பக்கம் நின்று போரிடும் படைவீரர்களுக்கு அன்றைய சாப்பாடும் சீட்டாட்டமும்தான் போரைவிட அருகில் இருக்கின்றன.

டெர்ரி பிராட்செட் இந்த வகைக்கு நகைச்சுவை வழியாக வந்தவர். கார்ட்ஸ்! கார்ட்ஸ்! (1989) நாவலை அவர், நாயகனிடம் ஒருவர்பின் ஒருவராக ஓடிவந்து வெட்டுப்பட்டுச் சாவதற்கென்றே கதைகளில் வைக்கப்படும் காவலர்களுக்குச் சமர்ப்பணம் செய்தார். அதன் தொடர்ச்சியான மென் அட் ஆர்ம்ஸ் (1993) நாவலில் காவல்படைத் தலைவர் சாம் வைம்ஸ் பூட்ஸ் பற்றி யோசிக்கும் பகுதி புகழ்பெற்றது. வைம்ஸின் மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல தோல் பூட்ஸ் 50 டாலர், பத்தாண்டுகள் உழைக்கும். மட்டமானது 10 டாலர், ஓரிரு பருவத்தில் அட்டை நைந்து தண்ணீர் ஏறிவிடும். 50 டாலரை ஒரே தடவையில் எடுத்து வைக்க முடியாத ஏழை அதே பத்தாண்டுகளில் 100 டாலர் செலவழிக்கிறான், அப்போதும் அவன் கால் ஈரமாகத்தான் இருக்கிறது. பூதங்களும் குள்ளர்களும் நடமாடும் கற்பனை நகரம் ஒன்றில் சொல்லப்பட்ட இந்தக் கணக்கு நாவலைவிட்டு வெளியேறியது. 2022-ல் பிரிட்டனில் மிக மலிவான உணவுப் பொருட்களின் விலையேற்றத்தைக் கணக்கிட ஜாக் மன்றோ முன்வைத்த குறியீட்டுக்கு வைம்ஸ் பூட்ஸின் பெயர் வைக்கப்பட்டது. பிராட்செட்டின் உரிமையாளர்கள் அதற்கு அனுமதி அளித்தனர்.

டெஹானு இவற்றிலிருந்து ஒரு விஷயத்தில் வேறுபடுகிறது. லெ குவின் புதிதாக ஓர் எளிய உலகத்தை உருவாக்கவில்லை. தான் ஏற்கனவே காவியத் தொனியில் எழுதிப் புகழ்பெற்ற உலகத்துக்கே பதினெட்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பிச் சென்று, அதன் அடுப்படியில் நின்று அதைப் பார்த்தார்.

ஆசிரியரும் முந்தைய நூல்களும்

லெ குவின் அக்டோபர் 21, 1929-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தார். தந்தை ஆல்ஃபிரட் குரோபர் மானுடவியலாளர், தாய் தியடோரா குரோபர் எழுத்தாளர். ஜனவரி 22, 2018-ல் போர்ட்லாண்டில் மறைந்தார்.

எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ (1968) நாவலில் கான்ட் என்னும் மலைத்தீவில் ஆடு மேய்க்கும் சிறுவன் கெட், ரோக் தீவின் மந்திரப்பள்ளியில் கற்று மந்திரவாதி ஆகிறான். தி டூம்ஸ் ஆஃப் அடுவான் (1971) நாவலில், கார்க் நாட்டில் குழந்தையிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பாதாளக் கல்லறைகளின் பூசாரியாக்கப்பட்ட டெனார் என்னும் பெண் கெட்டின் துணையுடன் அங்கிருந்து விடுபடுகிறாள். தி ஃபார்த்தஸ்ட் ஷோர் (1972) நாவலில் கெட் மூத்த மந்திரவாதி. வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே திறந்துவிட்ட பிளவை மூடுவதற்குத் தன் ஆற்றல் முழுவதையும் செலவழித்துவிட்டு, டிராகனின் முதுகில் ஏறித் தன் தீவை நோக்கிப் பறந்து செல்கிறான். இளம் அரசன் லெபானென் அரியணை ஏறுகிறான்.

எர்த்ஸீயில் மந்திரம் பெயர்களால் இயங்குவது. ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் பழைய மொழியில் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை அறிந்தவர் அதை ஆள முடியும். ஆகவே மனிதர்கள் தங்கள் மெய்ப்பெயரை மறைத்து வைத்து வேறு பெயரில் புழங்குகிறார்கள். ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரம் பலவீனமானது, தீயது என்ற பொருளில் கான்ட் தீவில் ஒரு சொலவடை இருப்பதாக முதல் நாவலிலேயே வருகிறது. 1968-ல் லெ குவின் அதைக் கேள்வியின்றி எழுதிச் சென்றார். டெஹானு அந்தச் சொலவடைக்கு உள்ளே வாழ்பவர்களின் கதை.

கதை

அடுவானிலிருந்து கான்ட் தீவுக்கு அழைத்துவரப்பட்ட டெனாரை, கெட்டின் ஆசிரியரான ஓகியன் மகளைப்போலத் தன் வீட்டில் வைத்துக் கற்பித்தார். அவள் அந்தக் கல்வியை விட்டுவிட்டு ஃப்ளின்ட் என்ற விவசாயியை மணந்தாள். இரண்டு பிள்ளைகள் பிறந்து வளர்ந்து வெளியேறிவிட்டனர். கணவன் இறந்துவிட்டான். நாவல் தொடங்கும்போது ஊரார் அவளைக் கோஹா என்று அழைக்கிறார்கள். கான்ட் தீவில் ஒரு சிறிய வெள்ளைச் சிலந்தியின் பெயர் அது.

ஊர் ஊராகத் திரியும் ஒரு கும்பல் தங்களுடன் இருந்த ஆறேழு வயதுச் சிறுமியைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கி, அடித்து, எரியும் நெருப்பில் தள்ளிவிட்டுப் போகிறது. டெனார் அச்சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். முகத்தின் ஒரு பாதியும் ஒரு கண்ணும் போய்விட்டன, ஒரு கை நகம்போலச் சுருங்கிவிட்டது. கார்க் மொழியில் எரிதலைக் குறிக்கும் தெர்ரு என்ற பெயரை டெனார் அவளுக்கு வைக்கிறாள்.

ஓகியன் சாகக் கிடப்பதாகச் செய்தி வருகிறது. டெனார் சிறுமியுடன் நடந்தே ரே ஆல்பி ஊருக்குச் செல்கிறாள். ஓகியன் தன் மெய்ப்பெயரை அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு இறக்கிறார். அடக்கம் பற்றி முடிவுசெய்ய இரண்டு மந்திரவாதிகள் வருகிறார்கள். இறந்தவரின் மெய்ப்பெயர் யாருக்காவது தெரியுமா என்பதே அவர்களின் கவலை. உடலருகே நிற்கும் நடுவயதுப் பெண்ணிடம் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. நாவலின் ஆகச்சிறந்த காட்சிகளில் ஒன்று இது. யாரும் அவளை அவமதிக்கவில்லை, அவள் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

சில நாட்களில் டிராகன் கலெசின் கெட்டைக் கொண்டுவந்து இறக்குகிறது. மூன்றாம் நாவல் அவன் பறந்து செல்வதுடன் முடிந்தது. இறங்கிய இடத்தில் அவன் நினைவிழந்து விழுந்தான், ஒரு பெண் அவனைப் படுக்க வைத்துப் பணிவிடை செய்தாள் என்று டெஹானு சொல்கிறது. கண் விழித்த கெட்டுக்கு முதலில் தோன்றுவது வெட்கம். அரசனின் தூதர்கள் தேடிவரும்போது ஒளிந்துகொள்கிறான். மலைமேல் ஆடு மேய்க்கும் வேலைக்குச் செல்கிறான். நாற்பது வருடங்களுக்கு முன் எந்த வேலையிலிருந்து மந்திரவாதி ஆனானோ அதே வேலை.

ரே ஆல்பியின் பிரபு வைத்திருக்கும் மந்திரவாதி ஆஸ்பென் டெனாரை வெறுக்கிறான். சிறுமியைச் சிதைத்தவர்களில் ஒருவன் அவளைப் பின்தொடர்கிறான். டெனார் தப்பித்துப் பண்ணைக்குத் திரும்புகிறாள். ஓர் இரவில் அந்தக் கும்பல் பண்ணைவீட்டைத் தாக்குகிறது. அவள் சமையல்கத்தியுடன் உள்ளே நிற்கிறாள். அவர்களைத் தொடர்ந்து வந்த கெட் கவைக்கோலால் ஒருவனைக் குத்தி வீழ்த்துகிறான். உலகின் மிகப்பெரிய மந்திரவாதியாக இருந்தவன் கையில் வைக்கோல் அள்ளும் கருவி. அந்தக் குளிர்காலத்தில் இருவரும் பண்ணையில் சேர்ந்து வாழத் தொடங்குகிறார்கள்.

கப்பலோடியான மகன் ஸ்பார்க் திரும்பி வந்ததும் பண்ணை அவனுடையதாகிறது. தந்தையின் சொத்து மகனுக்கு என்பதே அங்குள்ள வழக்கம். மூவரும் ரே ஆல்பிக்குச் செல்லும் வழியில் ஆஸ்பெனிடம் சிக்குகிறார்கள். அவன் மந்திரத்தால் டெனாரின் பேச்சையும் சித்தத்தையும் கட்டி நாயைப்போல நடத்துகிறான். சிறுமி யாரும் கற்பிக்காத பழைய மொழியில் டிராகனை அழைக்கிறாள். கலெசின் வந்து ஆஸ்பெனையும் அவன் ஆட்களையும் எரித்து அழிக்கிறது. அவளை மகளே என்று அழைத்து அவளுடைய மெய்ப்பெயரைச் சொல்கிறது. டெஹானு என்பது ஒரு வெண்ணட்சத்திரத்தின் பெயர். சிறுமி அப்போதைக்கு மனிதர்களுடனேயே இருக்க விரும்புகிறாள். மூவரும் ஓகியனின் பழைய வீட்டில் ஆடுகளுடனும் காய்கறித் தோட்டத்துடனும் குடியேறுகிறார்கள்.

நடந்து முடிந்த பிறகு

2000-க்குப் பின் ‘கிரிம்டார்க்’ என்ற பெயரில் ரத்தமும் சேறும் நிறைந்த மிகுபுனைவுகள் ஏராளமாக வந்தன. வார்ஹேமர் 40,000 என்ற விளையாட்டின் விளம்பர வாசகத்திலிருந்து உருவான சொல் அது. ஜோ அபர்குரோம்பியின் தி பிளேட் இட்செல்ஃப் (2006) போன்ற நல்ல நாவல்கள் அதில் உண்டு. ஆனால் இந்த வகையின் பெரும்பாலான நூல்கள் கடுமை என்பதை வன்முறை நிகழும் கணத்தில் தேடுகின்றன. டெஹானுவில் சிறுமிக்கு நேர்ந்தது கதை தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. அதன் காட்சி நாவலில் இல்லை. இருப்பதெல்லாம் அதற்குப் பிந்தைய நாட்கள். அந்நியர் வந்தால் அவள் எங்கே போய் ஒளிகிறாள், கரகரத்த குரலில் ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுகிறாள், சுருங்கிய கையால் எந்த வேலையைச் செய்ய முடிகிறது, தெருவில் எதிர்ப்படுபவர்கள் எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். டெனார் அவளுக்குச் சிவப்பு நிறத்தில் ஓர் உடை தைத்துக் கொடுக்கும் பகுதி, இரவுத் தாக்குதலைவிடப் படிக்கக் கடினமானது.

மந்திரம் நிறைந்த உலகில் அந்தத் தழும்பை மாற்றும் மந்திரம் யாரிடமும் இல்லை. லெ குவின் இதை விளக்குவதோ காரணம் சொல்வதோ இல்லை. அதேபோலக் கெட்டின் ஆற்றலும் திரும்பி வருவதில்லை. மிகுபுனைவு வாசகர்கள் நாவலின் கடைசிப் பக்கம் வரை அதை எதிர்பார்க்கப் பழகியவர்கள். இழந்த ஆற்றல் உச்சகட்டத்தில் திரும்பி வருவது அவ்வகைக் கதைகளின் எழுதப்படாத விதி. டெஹானுவில் இழந்தது இழந்ததுதான். அதன்பிறகு அந்த மனிதன் என்ன செய்கிறான்? பால் கறக்கிறான், விறகு பிளக்கிறான், நடுவயதில் முதன்முறையாக ஒரு பெண்ணை நேசிக்கக் கற்கிறான். எர்த்ஸீ மந்திரவாதிகள் தங்கள் ஆற்றலுக்காகக் காமத்தைத் தாங்களே மந்திரத்தால் கட்டிவைத்திருக்கிறார்கள் என்பதை டெனாருக்குச் சொல்பவள் மாஸ் என்ற கிராமத்து சூனியக்காரி. முந்தைய மூன்று நாவல்களிலும் எந்த மந்திரவாதிக்கும் ஏன் மனைவி இல்லை என்ற கேள்வி எழுந்ததில்லை. குளிக்காத, நாற்றமடிக்கும், ஆடுகளுக்கும் பிரசவத்துக்கும் மருத்துவம் பார்க்கும் ஒரு கிழவிதான் அந்த அமைப்பை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடிகிறது.

பாத்திரம் கழுவும் காட்சியும் அப்படிப்பட்டதே. வீடு திரும்பிய ஸ்பார்க் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்க மறுக்கிறான், அது பெண்களின் வேலை என்கிறான். எர்த்ஸீயின் தலைமை மந்திரவாதியாக இருந்த கெட் அதே வீட்டில் தன் தட்டைக் கழுவுகிறான். இதைப் படிக்கும்போது டயானா வின் ஜோன்ஸ் எழுதிய தி டஃப் கைட் டு ஃபேன்டசிலாண்ட் (1996) நினைவுக்கு வரும். மிகுபுனைவு உலகங்களைச் சுற்றுலாக் கையேடு வடிவில் கேலி செய்யும் அந்நூல், பயணிகள் எல்லா இரவும் குழம்பையே சாப்பிடுகிறார்களே, வேக மணிக்கணக்காகும் உணவை நடுக்காட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்கிறது. டெஹானுவில் யார் சமைத்தது, யார் கழுவியது என்பது ஒவ்வொரு நாளும் தெரியும்.

மொழியில் லெ குவின் ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கிறார். 1973-ல் எழுதிய ஒரு கட்டுரையில், கற்பனை உலகின் மாந்தர்கள் இன்றைய அரசியல்வாதிகள் போலப் பேசினால் அந்த உலகமே இல்லாமலாகிவிடும் என்று வாதிட்டவர் அவர். எளிய மனிதர்களைப் பற்றி எழுதும்போதும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. கொச்சையோ வசையோ சேர்த்து யதார்த்தம் காட்டும் முயற்சி நாவலில் இல்லை. பழைய நாவல்களின் அதே அமைதியான உரைநடையில்தான் பீன்ஸ் கொடியும் ஆட்டுக்கொட்டிலும் வருகின்றன.

வரவேற்பும் விமர்சனமும்

டெஹானு சிறந்த நாவலுக்கான நெபுலா விருதைப் பெற்றது. ஆனால் முதல் மூன்று நூல்களைச் சிறுவயதில் படித்து வளர்ந்த வாசகர்களில் பலரும் ஏமாற்றமடைந்தனர். தங்கள் நாயகனை ஆசிரியரே சிறுமைப்படுத்திவிட்டார், பெண்ணியக் கருத்துக்காகக் கதையைப் பலியிட்டார் என்பவை முக்கியமான குற்றச்சாட்டுகள். 1992-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் லெ குவின் இதற்குப் பதிலளித்தார். வீரக்கதை மரபு ஆண்களுக்கானதாகவே இருந்தது, தானும் முதலில் ஓர் ஆணைப்போலவே அதை எழுதினேன் என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்வுரை எர்த்ஸீ ரீவிஷன்ட் என்ற சிறுநூலாக வெளிவந்தது.

குற்றச்சாட்டில் ஓரளவு நியாயம் உண்டு. நாவலின் நடுப்பகுதியில் டெனாரும் மாஸும் ஆண், பெண் ஆற்றல்கள் பற்றிப் பேசும் சில உரையாடல்கள் கதையை நிறுத்திவிட்டு நடப்பவை. ஆஸ்பென் தீமையைத் தவிர வேறெதுவும் இல்லாத பாத்திரம். சிறுமியைக் கெடுத்த நாடோடிகளுக்குக்கூட அவனைவிட நிஜத்தன்மை இருக்கிறது.

இன்னும் அடிப்படையான கேள்வி முடிவைப் பற்றியது. சாமானியர்கள் எப்படித் தப்பிப் பிழைக்கிறார்கள் என்று சொல்லிவந்த கதை, கடைசியில் டிராகனை வரவழைத்து எதிரிகளை எரித்துவிடலாமா? கத்தியும் கவைக்கோலும் கொண்டு காத்த வீட்டைப் பற்றிய நாவலுக்கு இது எளிய தீர்வு என்று சொல்பவர்கள் உண்டு. மறுபக்கம், லெ குவின் இதற்கான தடயங்களை முதலிலிருந்தே வைத்திருக்கிறார். மனிதரும் டிராகன்களும் ஒருகாலத்தில் ஒரே இனம் என்ற கதை தொடக்கத்திலேயே வருகிறது. ரே ஆல்பியின் நெசவாளி ஒருவரிடம் இருக்கும் விசிறியில் ஒருபக்கம் மனிதர்களும் மறுபக்கம் டிராகன்களும் தீட்டப்பட்டிருக்கின்றனர், வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. ஆகவே டிராகன் திடீரென்று வரவில்லை. ஆனால் தயாரிப்பு இருப்பதனாலேயே கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. சிறகு முளைக்கும் வாய்ப்பு இல்லாத, எரிந்த சிறுமி மட்டுமேயான ஒரு தெர்ருவுக்கு அந்த மலைவிளிம்பில் என்ன நடந்திருக்கும் என்பதை நாவல் சொல்லாமல் விடுகிறது.

தொடர்ச்சி

முதல் பதிப்பில் எர்த்ஸீயின் கடைசி நூல் என்ற துணைத்தலைப்புடன் டெஹானு வந்தது. அது நீடிக்கவில்லை. 2001-ல் டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ என்ற கதைத்தொகுதியும் தி அதர் விண்ட் என்ற நாவலும் வெளிவந்தன. ஸ்டூடியோ ஜிப்லி நிறுவனத்துக்காக கோரோ மியாசாகி 2006-ல் இயக்கிய அசைபடத்தில் டெனாரும் தெர்ருவும் இடம்பெற்றனர். ஆனால் திரைக்கதை பல நூல்களிலிருந்து கலந்து எடுக்கப்பட்டது, வாளேந்திய சண்டையில் முடிவது.

தி அதர் விண்ட் நாவலில் அரசனும் டிராகன்களும் மீண்டும் வருகிறார்கள், பணயமும் பெரிது. ஆனால் கதை தொடங்குவது ஆல்டர் என்பவனிடமிருந்து. அவன் ரோக் பள்ளிக்குப் போகாத சிறு மந்திரவாதி. உடைந்த பானைகளையும் கருவிகளையும் ஒட்டவைப்பது அவன் தொழில். இறந்த மனைவி கனவில் வந்து அழைப்பதால் தூங்க முடியாமல் ரே ஆல்பிக்கு வருகிறான். அவனை வரவேற்று உணவளிப்பவர் அங்கே தனியாகத் தோட்டவேலை செய்துகொண்டிருக்கும் கெட்.